ரிம்மைக் குறைக்கும் முன் பிரேக்கை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிவேக மின்சார கார்கள் பெரும்பாலும் 20, 21 அங்குல ரிம்மோடுதான் விற்பனைக்கு வருகின்றன. குழியில் இறங்கி ரிம் நெளிந்து, டயரின் பக்கவாட்டுச் சுவர் புடைத்துப்போன பிறகு 18 அங்குலத்துக்கு மாறப் பலர் நினைக்கிறார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் வெளிவிட்டம் ஒத்துவந்தால் போதும் என்று மாட்டிவிடுவது ஆபத்து.

விட்டக் கணக்கு எளிது. 235/35 ஆர்20 என்றால் டயரின் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 35 சதவீதம், ரிம் 20 அங்குலம். அதன் பக்கச்சுவர் 82 மி.மீ., மொத்த விட்டம் 672.5 மி.மீ. 235/45 ஆர்18 எடுத்தால் பக்கச்சுவர் 106, விட்டம் 668.7. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடாமீட்டரில் தெரியாது. கூடுதலாகக் கிடைக்கும் 24 மி.மீ. உயரம்தான் குழியில் ரிம்மைக் காப்பாற்றுகிறது.

சிக்கல் ரிம்முக்கு உள்ளே இருக்கிறது. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸின் முன் பிரேக் டிஸ்க் 355 மி.மீ.; அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் சேர்த்து 18 அங்குல ரிம்முக்குள் அடங்கும், ஆனால் எல்லா வடிவ ரிம்முக்குள்ளும் அல்ல. போர்ஷே டைகான் டர்போ எஸ்ஸின் செராமிக் டிஸ்க் 420 மி.மீ.; அதற்கு 18 அங்குலத்தை நினைக்கவே வேண்டாம். டயர் ஏற்றாத வெற்று ரிம்மை முதலில் மாட்டி, எல்லா நட்டையும் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும், காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் (ரிம்மின் ஆரக்கால்) குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பேலன்சிங்குக்கு உள்பக்கம் ஒட்டும் எடைத் துண்டுகள் இந்த இடைவெளியைத்தான் தின்னும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை காலிப்பரில் உரசிப் பிய்ந்து போன பிறகுதான் தெரிகிறது.

பின்சக்கரத்தையும் விடாதீர்கள். 20 அங்குல ரிம்மோடு வந்த பழைய மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் கார்களில் பின் டிஸ்க்கின் நடுவே ஒரு படி துருத்தி நிற்கும். சாதாரண மாடல் 3-இன் 18 அங்குல ரிம் அதன்மேல் ஏறி நிற்குமே தவிர, தட்டையாக உட்காராது. நட்டை இறுக்கினால் உட்கார்ந்தது போலத் தோன்றும். ஓட ஓட நட்டு தளரும். அந்தப் படிக்கு இடம் விட்டுக் குடைந்த ரிம்மை மட்டுமே வாங்க வேண்டும். இந்தக் காரில் சக்கரம் மாட்டும் ஹப்பின் நடு மேட்டின் விட்டம் 64.1 மி.மீ.; ரிம்மின் நடுத்துளை அதைவிடப் பெரிதென்றால், இடைவெளியை நிரப்பும் சரியான அளவு ஹப் வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மாடல் 3-இன் நட்டுகளை நட்சத்திர வரிசையில் 175 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கி.மீ. ஓட்டியதும் மறுபடி சரிபாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள்.

பேட்டரியால் இந்த வண்டிகள் கனமானவை. டயரின் லோடு இண்டெக்ஸ் 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். 98 என்றால் 750 கிலோ. அசல் டயரைவிடக் குறைந்த எண்ணை ஏற்கவே கூடாது. ரிம்முக்கும் தனியே சுமை வரம்பு உண்டு. பின்புறம் பொறித்திருக்கும் அந்த எண் அச்சுச் சுமையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேகக் குறியீட்டிலும் அப்படியே: 'வி' டயர் 240 கி.மீ. வேகம் வரைதான், 260-ஐத் தாண்டும் காருக்கு 'டபிள்யூ' அல்லது 'ஒய்' வேண்டும்.

ஒரு சார்ஜில் போகும் பயண தூரம் கூடுமா? பெரும்பாலும் கூடும். ஆனால் அதை ரிம் மட்டும் தருவதில்லை. டயரின் உருளும் எதிர்ப்பும், ரிம் முகப்பில் காற்று புகும் இடைவெளியும் தீர்மானிக்கின்றன. பிடிப்புக்காகச் செய்த மென்மையான டயரையே 18 அங்குலத்திலும் வாங்கினால் பெரிய ஆதாயம் இராது. வளைவில் ஸ்டியரிங் சற்று மெதுவாகப் பதில் சொல்லும். மாற்றியதும் காரின் திரையில் சக்கர வகையைத் திருத்தினால்தான் மீதி தூரக் கணிப்பு சரியாக வரும். புதிய ரிம்மில் போடும் காற்றழுத்த சென்சார் அந்த ஆண்டு மாடலுக்கு உரியதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் பிரேக்குக்குப் பொருந்தும் மிகச் சிறிய ரிம்மின் அளவு, அகலம், ஆஃப்செட் (ரிம் ஹப்பில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) மூன்றையும் காரோடு தரும் கையேட்டில் அச்சிடுங்கள். இந்த எண்கள் உங்கள் வரைபடங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்