இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பைபாஸ் அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருந்து, நடைப்பயிற்சி, உணவு எல்லாம் விரிவாக இருந்தன. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் "கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரி போதாது என்பதை என் அப்பாவை வைத்து அறிந்தவள் நான்.

அடைபட்ட இதயத் தமனிகளைத் தாண்டி ரத்தம் போக, அப்பாவுக்கு மூன்று மாற்றுப்பாதைகள் போட்டார்கள். அதுதான் பைபாஸ். இரண்டுக்குக் காலிலிருந்து எடுத்த சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். இதயத்தின் முன்புறம் இறங்கும் முக்கியமான தமனிக்கு, மார்பின் உட்புறம் ஓடும் இடது தமனியைத் திருப்பி இணைத்தார்கள். அதன்பின் மாதந்தோறும் பரிசோதனை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே சட்டைக் கையை மடித்து இடது கையை நீட்டிவிடுவார். 120/76 என்று வரும். "நன்றாக இருக்கிறது" என்பார்கள். நோட்டில் குறித்துக்கொண்டு வீடு திரும்புவோம். ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட வலது கையை நீட்டச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். சற்று நேரத்தில் வலி அடங்கியது. எழுந்து மீண்டும் துடைத்தார், மீண்டும் வந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கும்போது வராத வலி, கண்ணாடி துடைக்கும்போது ஏன் வர வேண்டும்? அன்று பார்த்த மருத்துவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்தார். இடது நாடி மெலிந்திருந்தது. பிறகு அளந்தார்: இடது கையில் 120, வலது கையில் 158.

அவர் விளக்கியது இன்னும் மனதில் நிற்கிறது. மார்பின் இடது தமனி, காரை எலும்புக்கு அடியில் கைக்குச் செல்லும் பெரிய தமனியிலிருந்து கிளை பிரிகிறது. அது பிரியும் இடத்துக்கு முன்பே பெரிய தமனி சுருங்கிவிட்டால் கைக்கும் இதயத்துக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குறைந்த கதைதான். கை வேலை செய்யும்போது அது ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதயத்துக்குப் போக வேண்டியது குறைகிறது, சில நேரம் திசை மாறியே ஓடுகிறது. அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. சுருங்கிய தமனிக்கு அப்பால் அளந்ததால்தான் 120 வந்தது. உடலின் உண்மையான அழுத்தம் 158. கால் சிரை மிகக் குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் இடத்தில் வைத்துத் தைத்ததும் ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது, உட்சுவர் தடிக்கிறது. சிரையால் போட்ட பாதைகளில் ஏறக்குறைய பாதி பத்து ஆண்டுகளுக்குள் அடைபட்டுவிடுகின்றன. மார்புத் தமனியோ பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. அப்படிப்பட்ட மெல்லிய சிரைகள்மீது இத்தனை அழுத்தம் மோதிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று. ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுத்தபோது அவற்றில் ஒன்று மூடியிருந்தது. அழுத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

கைக்குச் செல்லும் அந்தச் சுருங்கிய தமனியில், அதை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தபின் அப்பாவுக்கு அந்த வலி வரவில்லை. மருந்தின் அளவையும் மாற்றினார்கள். அதையும் மெல்ல மெல்லத்தான் செய்தார்கள். இதயத் தசை சுருங்கும்போது தன் தமனிகளைத் தானே நெரித்துக்கொள்வதால், அது தளரும் நேரத்தில்தான் இடப்பக்கத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்து அழுத்தமே கீழ் எண். மேல் எண்ணைக் குறைக்கும் அவசரத்தில் கீழ் எண் அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடாது என்றார்கள். மருந்தை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இரண்டு கைகளிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண்ணில் 15 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடுதலாகக் காட்டும் கையில்தான் இனி எப்போதும் அளக்க வேண்டும். எந்த ரத்தக்குழாயை எங்கே இணைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் அறிக்கையில் இருக்கும். அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அந்தக் கட்டுரையை எழுதிய மருத்துவரிடம் இதைப் பற்றி விரிவாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி தாங்கள் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகி