பி.டி. பருத்தி ஆபத்த எங்க வயல்ல வச்சு கணக்கு போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

மரபணு மாத்தின பயிர் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். தேனீக்கு ஆகுமா, வண்ணத்துப்பூச்சிக்கு ஆகுமான்னு லேப்ல பாத்ததெல்லாம் விளக்கமா எழுதியிருக்கீங்க, அதுவும் வேணும்தான். 1999ல அமெரிக்காவுல மோனார்க் வண்ணத்துப்பூச்சியோட புழுவுக்கு பி.டி. மக்காச்சோள (பி.டி.ங்கற மண் பாக்டீரியாவோட மரபணுவ வச்சு, புழுவ கொல்ற நஞ்ச செடியே உண்டாக்குற மாதிரி பண்ணினது) மகரந்தம் தூவின இலைய போட்டப்ப நிறைய செத்துப்போச்சு, பெரிய பரபரப்பு ஆச்சு, அப்புறம் 2001ல வயல்ல அளந்து பாத்தா அந்த ஆபத்து ரொம்ப கம்மின்னு வந்துச்சு. ஆனா லேப்ல பிரச்சனை இல்லாதது வயல்ல பிரச்சனையா மாறுறதும் நடக்கும்ங்க, அத பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

பி.டி. பருத்திக்கு 2002ல அனுமதி குடுக்கும்போதே, புழு நஞ்சுக்கு பழகிடக்கூடாதுன்னு 20 சதவீத இடத்துல இல்லனா சுத்தி அஞ்சு வரிசை, இதுல எது கூடவோ அவ்வளவு சாதா பருத்தி போடணும்னு விதி வச்சாங்க. சாதா பருத்தில வளர்ற பழகாத புழு, பழகின புழுவோட கலந்தா அந்த பழக்கம் சீக்கிரம் பரவாது. அதுக்குத்தான் 450 கிராம் விதையோட 120 கிராம் சாதா விதை தனியா குடுத்தாங்க. ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவன் புழு தின்னட்டும்னு அஞ்சுல ஒரு பங்க விடுவானா? அது எதுக்குன்னு விதைக்கடைல யாரு சொன்னா? 2010ல குஜராத்துல சிவப்பு காய்ப்புழு பழகிடுச்சுன்னு தெரிஞ்சுது, ரெண்டு மரபணு வச்ச போல்கார்டு 2ங்கற அடுத்த பி.டி. பருத்தியும் அடுத்த சில வருஷத்துலயே அங்க தாங்கல.

இந்த புழு வந்தா வெளிய தெரியாது. பூ இதழ் விரியாம ரோஜா மொட்டு மாதிரி சுருண்டு நிக்கும், காய் பச்சையா நல்லாத்தான் இருக்கும், பிளந்து பாத்தா பஞ்சு கறை புடிச்சு ரெண்டு விதை ஒட்டிக்கிட்டு உள்ள புழு உக்காந்திருக்கும், அப்ப எந்த மருந்து அடிச்சும் புழுகிட்ட போகாது.

அதே புழுவ அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல ஒழிச்சிட்டாங்க. அங்க சாதா பருத்திய ஒழுங்கா விட்டாங்க, 2006லேர்ந்து அந்த புழுவோட மலட்டு அந்துப்பூச்சிய (அதோட கூடினா முட்டை பொரியாது) வயல் மேல பறக்க விட்டாங்க, 2018ல அமெரிக்க பருத்தில இந்த புழு இல்லன்னு அரசாங்கமே அறிவிச்சுது. பி.டி. அங்கயும் இருக்கு இங்கயும் இருக்கு, விவசாயம் நடக்குற விதம்தான் வேற, அப்ப ஆபத்தும் வேறதானே.

இன்னொன்னு, வட சீனாவுல பி.டி. பருத்தி வந்து காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கறது குறைஞ்சதும் சாறு உறிஞ்சுற மிரிட் பூச்சி பெருகி பக்கத்து பழத்தோட்டம் வரைக்கும் போச்சு. செடிய மட்டும் சோதிச்சா இது தெரியவே தெரியாது.

அதனால அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி செய்ற ஆய்வோட நிறுத்திக்காம, வருஷா வருஷம் மாவட்ட வாரியா புழு எந்த அளவு பழகியிருக்கு, வேற எந்த பூச்சி கூடியிருக்குன்னு பாத்து விதைப்புக்கு முன்னாடியே தமிழ்ல வெளியிடணும். உங்க பத்திரிகை இத வேளாண் துறைகிட்ட நேரா கேட்டு பதில போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பருத்தி விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்