பூத்த தேதிக்கு ஒரு கட்டம்

தமிழ்நாடு வனத்துறைக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் பூண்டுக் காட்டின் மேல்வரப்பில் ஒரு காட்டுப்பூவரசு நிற்கிறது. ரோடோடென்ட்ரான் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். போன கார்த்திகை முடியும் முன்பே அதில் இரண்டு கொத்து விரிந்துவிட்டது. மார்கழியில் உறைபனி இறங்கிய ஒரு விடியலில் தொட்டுப் பார்த்தேன், இதழ் கண்ணாடி மாதிரி விறைத்திருந்தது. வெயில் ஏறியதும் பழுப்பாகித் தொங்கிவிட்டது. தேன்சிட்டு ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"தைப் பனி கழிந்துதான் இது பூக்கும்" என்கிறார் அம்மா. "எப்பவும் இப்படித்தான், நீ கவனிச்சதில்லை" என்கிறார் பக்கத்துக் காட்டுப் பெரியவர். யார் சொல்வது சரி? பார்த்துச் சொல்ல எழுத்தில் ஒரு தேதிகூட இல்லை. நானும் எழுதி வைத்தவன் இல்லை.

இதே இன மரத்தை உத்தரகண்டில் புராஞ்ச் என்பார்கள். செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி ஒட்டி வைத்த பழைய உலர்தாவரத் தாள்களில் இருந்த தேதிகளை இன்றைய பூப்போடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நூறு ஆண்டில் அது ஏறக்குறைய மூன்று மாதம் முந்திவிட்டதாகக் கண்டார்கள். வெப்பம் கூடியதோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் மலையிலும் அதேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இங்கே மழைக்கணக்கே வேறு.

ஆனால் தாள்கள் நம்மிடமும் உண்டு. செண்பகனூர் அருங்காட்சியகம், கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறை, திருச்சி ராபினட் உலர்தாவரகம் என்று இருக்கின்றன. செடி பறித்த நாளை ஓரத்தில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தேதிகளை எடுத்து, கொடைக்கானலின் பழைய வெப்பநிலைக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் போடுங்கள்.

அப்புறம், வேட்டைத்தடுப்புக் காவலர்கள் எப்படியும் காட்டுக்குள் நடக்கிறார்கள். அவர்கள் சுற்றிவரும் ஒவ்வொரு காவல் பகுதியிலும் (பீட்) நான்கைந்து மரத்துக்கு எண் போட்டுக் கொடுங்கள். முதல் மொட்டு, முதல் பூ, காய் பிடித்த நாள், இவ்வளவுதான். அவர்கள் நோட்டில் இதற்கு ஒரு கட்டம் போதும். வருடாவருடம் அதே மரத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம்.

குறிஞ்சிக்கு 2006, 2018, அடுத்தது 2030 என்று ஊரே நாள் எண்ணுகிறது. வருடந்தோறும் பூக்கிற மரத்துக்குத்தான் கணக்குப்பிள்ளை இல்லை.

எங்கள் மரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தினசரி காலண்டரில் பூத்த நாள் தாளைக் கிழித்து வீசாமல் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். எண் மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயி ஒருவன்