பஹ்லா கோட்டையில் உதவிய பெரியவருக்கு நன்றி

ஓமானின் பாலைவனச் சோலை நகரான பஹ்லாவில், 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, நெடிய சீரமைப்பின் பயனாக 2004-இல் அதிலிருந்து நீக்கப்பட்ட கோட்டையைக் காணச் சென்றிருந்தோம். முழங்கால் வலியால் படிகளில் தயங்கி நின்ற என் தாயாரைக் கைத்தாங்கலாக மேல்தளம் வரை அழைத்துச் சென்ற, பெயர் தெரியாத ஓமானியப் பெரியவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கல் அடித்தளத்தின் மீது சுடாத செங்கல்லால் எழுப்பிய சுவரில், பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் தெரிந்த வைக்கோல் துணுக்குகளைத் தொட்டுக் காட்டி, மண் காயும்போது வெடிக்காமலிருக்கவே அதைக் கலப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அறிவிப்புப் பலகை எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. பேரீச்சந் தோப்புகளுக்கு ஃபலஜ் வாய்க்கால்கள் நீர் கொண்டுவரும் விதத்தையும் கூறினார். நாங்கள் அன்பளிப்பாக நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.