ஓடைக்கரை வில்லோக்களை வெட்டச் சொல்லாதீர்கள்: ஓரிகன் மாநிலத்தின் பெத்தனி, பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் ஒரு மனு வந்தது. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையில் வில்லோ மரங்களும் புதரும் மண்டிக் கிடக்கின்றன, கொசு வருகிறது, எல்லாவற்றையும் வெட்டிப் புல்தரை போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். எனக்குப் பேசக் கிடைத்தது மூன்று நிமிடம்தான். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் சாக்கடை மாதிரி நினைக்கும் இந்தப் பிரான்சன் ஓடை, பீவர்ட்டன் ஓடையோடு சேர்ந்து, ராக் கிரீக் வழியாக டுவாலட்டின் ஆற்றுக்குப் போகிறது. அங்கிருந்து வில்லமெட், அப்புறம் கொலம்பியா, கடைசியில் பசிபிக் கடல். கடலில் வளர்ந்த ஸ்டீல்ஹெட் மீன் இதே வழியில் எதிர்நீச்சல் போட்டு டுவாலட்டினுக்கு முட்டையிட வருகிறது. வில்லமெட் மேல்பகுதி ஸ்டீல்ஹெட் 1999 முதல் அழிவை நெருங்கும் இனங்களின் கூட்டாட்சிப் பட்டியலில் இருக்கிறது. கடலுக்கே போகாமல் இந்தச் சிற்றோடைகளிலேயே வாழ்ந்து முடிக்கும் கட்த்ரோட் ட்ரவுட்டும் உண்டு.

இந்த மீன்களுக்கெல்லாம் உயிர் குளிர்ந்த தண்ணீரில்தான். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 25 டிகிரியில் அது 8 சொச்சம்தான். தண்ணீர் சூடாக ஆக மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் சால்மனும் ட்ரவுட்டும் வளரும் நீர்நிலைகளுக்கு 18 டிகிரி, அதாவது 64 ஃபாரன்ஹீட், என்று ஓரிகன் மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. டுவாலட்டின் சமவெளியில் மெதுவாக ஊர்ந்து போகிற ஆறு. வெயிலில் கிடக்கும் நேரம் அதிகம் என்பதால் கோடையில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிழல் தண்ணீரைக் குளிர வைப்பதில்லை. நிலத்தடியிலிருந்து குளிர்ச்சியாகத்தான் ஊறி வருகிறது, வெயில் அதைச் சூடாக்காமல் தடுப்பதே நிழலின் வேலை. ஆகவே கீழே ஆற்றில் நாலு மரம் இருந்தால் போதும், மேலே ஓடையில் எதற்கு என்று கேட்க முடியாது. மேலே ஏறிய சூடு கீழே வந்து சுலபமாக இறங்காது. ஓடை சின்னது என்பதால் இரண்டு ஆள் உயர வில்லோவே அதை முழுக்க மூடிவிடும். நட்ட சில ஆண்டுகளிலேயே பலன் தெரிவது இங்கேதான்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள் நான். சித்திரை வெயிலில் மணல் காலைச் சுடும்போது, மருத மரத்தடித் துறையில் இறங்கினால் உடம்பு சிலிர்க்கும். உங்களில் பலருக்கும் அப்படி ஒரு துறை இருந்திருக்கும்.

இதில் நம் பணமும் இருக்கிறது. நாம் குளித்த, துணி துவைத்த தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு டுவாலட்டினில் விடப்படும்போது வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்தச் சூட்டை ஈடுகட்டப் பல கோடி டாலர் செலவில் குளிர்விக்கும் இயந்திரங்கள் வைப்பதா என்ற கேள்வி வந்தபோது, நம் மாவட்டக் கழிவுநீர் அமைப்பான கிளீன் வாட்டர் சர்வீசஸ் வேறு வழியைத் தேடியது. 2004-இல் கிடைத்த உரிமத்தின்படி ஹாக் ஏரி என்ற நீர்த்தேக்கத்திலிருந்து கோடையில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டது, கரைகளில் மரம் நட்டது, தங்கள் நிலத்தின் கரையை விட்டுக்கொடுத்த விவசாயிகளுக்குப் பணமும் கொடுத்தது. அந்தச் செலவு நம் கழிவுநீர்க் கட்டணத்திலிருந்து போகிறது. அங்கே நடுவதற்குக் காசு கட்டிவிட்டு இங்கே வெட்டச் சொல்லி மனுக் கொடுக்கிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருடம் பார்த்தா வெட்டுவது என்று நான் பதறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜூனில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபாரஸ்ட் குரோவில் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க மேற்குக் கரையில் அது தென்பட்டது அதுவே முதல் முறை. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து, சில ஆண்டுகளில் மரத்தையே சாகடித்துவிடும். நம் ஈர நிலங்களில் உயரமாக நின்று நிழல் தருவதில் பெரும்பங்கு ஓரிகன் ஆஷ்தான். அவை போன பிறகு ஓடைக்கு மிஞ்சப்போவது இந்த வில்லோவும் ஆல்டர் மரமும் டாக்வுட் புதரும்தான்.

கொசுவைப் பற்றி: ஓடுகிற தண்ணீரைவிடத் தேங்கிய தண்ணீரில்தான் அது பெருகும். முதலில் கூரைக் கால்வாயையும் பூந்தொட்டித் தட்டுகளையும் பாருங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள்ளை வெட்டுங்கள். ஆகஸ்டில் பிள்ளைகளோடு நாம் ஆசையாய்ப் பறிக்கும் அதே பழம்தான், ஆனால் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத அந்தக் கொடி இளம் மரக்கன்றுகளை மூடி அமுக்கிவிடுகிறது. ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கு வந்து மரத்தைக் கடித்தால் அதை விரட்டச் சொல்லாதீர்கள். அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டினால் போதும். அது கட்டும் அணை தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி, கோடையில் குளிர்ச்சியாகத் திருப்பித் தருகிறது. பீவர்ட்டன் என்று ஊருக்குப் பெயர் வந்ததே இந்தப் பீவர்களால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு முன் மனுவிலிருந்து உங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். ஓடைக்கரையை ஒட்டிய நிலத்தில் பல இடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அனுமதி இல்லாமல் அங்கே வெட்டவும் கூடாது. அந்தப் பச்சை வண்டு பரவாமல் இருக்க, விறகாக ஆஷ் கட்டையை மாவட்டத்துக்கு வெளியே முகாமிடக் கொண்டுபோகாதீர்கள்.

இங்கே நடவுக்காலம் மழைக்காலம்தான், நவம்பர் முதல் மார்ச் வரை. என் வீட்டுக் கராஜில் ஆறு மண்வெட்டி இருக்கிறது, பிள்ளைகளுக்கான சின்ன அளவுக் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பிரான்சன் ஓடைக்கரையில் வசிக்கும் உங்கள் சகோதரி