மனுவின் மொழியில் ஒரு கவிதை

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். கௌகாத்தியின் புழுக்கம் பழகிவிட்டது. சமையலைப் பற்றி மட்டும் கேட்காதே. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று அறிந்து நிம்மதி.

கவிதைக் குழுவிலிருந்து நீ வெளியேறிவிட்டதாகப் பாலு எழுதியிருந்தான். மணல் லாரிகளைப் பற்றிய உன் கவிதைக்கு வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள் வந்தனவாம்; ஒருவர்கூட ஒரு சொல் பேசவில்லையாம்; மறுநாள் விடிந்ததும் அதன் தலைமேல் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' வந்து விழுந்ததாம். விடுதிச் சுவரில் ஒட்டிய கவிதையைக் கிழித்தவனுக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தவன், கைதட்டியவர்களிடம் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்வதா? இதைக் கேட்டால் நம் தாடிக்கார அண்ணாச்சி கடையை மூடிவிட்டுச் சிரிப்பார்.

ஆனால் உன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே நான் வந்து சேர்ந்த இந்த அசாமில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். 2016 ஏப்ரலில் ஹாபிஸ் அகமது என்பவர் முகநூலில் ஒரு கவிதை இட்டார். பிரம்மபுத்திராவின் மணல்தீவுகளில், அதாவது இங்கே 'சர்' என்று சொல்லப்படும் திட்டுகளில், வாழும் வங்காள வழி முஸ்லிம்களின் குரல் அது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் அடையாள அட்டைக் கவிதையை அடியொற்றி, 'எழுதிக்கொள், நான் ஒரு மியா' என்று தொடங்கி, யார் குடிமகன் என்று தீர்மானிக்க இங்கே தயாரான குடிமக்கள் பதிவேட்டில் தன் வரிசை எண்ணையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிக்கிறது. தம்மீது வசையாக எறியப்பட்ட பெயரையே அவர்கள் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு ஷாலிம் ஹுசைன் என்ற இளைஞர் கைதட்டவில்லை, கவிதையாலேயே பதில் எழுதினார்: 'நானா' (தாத்தா), எழுதிவிட்டேன், சான்றொப்பம் வாங்கி, மேலொப்பமும் வாங்கி, நோட்டரியிடமும் சரிபார்த்துவிட்டேன், நான் மியாதான் என்று. அதைத் தொடர்ந்து வேறு பலரும் எழுதினார்கள். மியா கவிதை என்று இன்று சொல்லப்படுவது இப்படிப் பதிலுக்குப் பதிலாக வளர்ந்ததுதான்.

வங்கியில் ஆயுள் முழுவதும் ஒப்பத்தைச் சரிபார்த்து முத்திரை குத்தியே காலம் கழித்தவன் என்பதால், அந்த நோட்டரி வரி என்னை வேறுவிதமாகத் தைத்தது. பார்பேட்டாப் பக்கத்திலிருந்து கணக்குத் தொடங்க வந்த ஒரு முதியவர், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நனைந்து காய்ந்த காகிதங்களை என் மேசைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவருடைய தந்தையின் பெயர் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அது ஒரு படிவத்தில் தீரும் சங்கதி. அவருக்கோ, பதிவேட்டில் இடம்பெற வேண்டுமென்றால் காட்டியாக வேண்டிய, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே தம் குடும்பம் இங்கிருந்தது என்பதற்கான சாட்சி. ஆறு கரையை அரித்தால் தகர வீட்டைக் கழற்றிக்கொண்டு அடுத்த திட்டுக்குப் போய்விடலாம். அந்த உறை போனால் எங்கே போவது?

மனுவின் இந்த மொழி 2016-இல் பிறந்ததும் அல்ல. 1983 பிப்ரவரி 18 அன்று இங்குள்ள நெல்லி என்ற ஊர்ப் பகுதியில் இதே வங்காள வழி முஸ்லிம்கள் 1,800 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985-இல், கபீர் அகமது எழுதிய கவிதையின் தலைப்பு என்ன தெரியுமா? நம் ஊர் மனுவில் எழுதுவோமே, 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்', கிட்டத்தட்ட அதே. அவ்வளவு பெரிய கொலைக்குப் பின் ஒருவன் மனுவின் பணிவோடு பேசத் தொடங்குகிறான் என்றால், அந்தப் பணிவைத் தாங்குவது கடினமாக இருக்கிறது, செல்வம்.

2019 ஜூலையில் இந்தக் கவிஞர்கள் உள்ளிட்ட பத்துப் பேர் மீது இங்கே வழக்குப் பதிவாயிற்று. அசாமியரை உலகத்தின் முன் இனவெறியர்களாகக் காட்டுகிறார்கள் என்பது புகார். சுட்டப்பட்டதோ மூன்று ஆண்டுப் பழைய கவிதை. அடுத்த மாதம் 31-ஆம் தேதி வெளியான இறுதிப் பதிவேட்டில் 19,06,657 பேருக்கு இடமில்லை. இதற்கிடையே ஹிரேன் கொஹைன் போன்ற மூத்த அறிஞர், ஏன் அசாமியில் எழுதாமல் சர் திட்டுகளின் பேச்சுவழக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்டார். கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு அசாமியே தம் தாய்மொழி என்று பதிந்துவந்த மக்களிடம், வீட்டில் பேசும் மொழியில் நாலு வரி எழுதியதற்காகவா விளக்கம் கேட்பது? எனக்கு அது சரியாகப் படவில்லை.

இப்போது உன் கவிதைக்கு வருகிறேன், பாலு அனுப்பியிருந்தான். விடியல் வருகிறது, குருதி வருகிறது, தோழன் எழுகிறான். ஆற்றின் பெயர் வரவில்லை. லாரி எந்த நேரத்தில் போகிறது, உங்கள் தெருக் கிணறு எவ்வளவு இறங்கியது, ஒன்றும் இல்லை. இதற்குக் கைதட்டலாம், பதில் சொல்ல எங்கே இடம் விட்டாய்? ஹாபிஸ் அகமது வரிசை எண்ணைச் சொன்னதால்தான் இன்னொருவர் நோட்டரியைச் சொல்ல முடிந்தது. உன் அப்பா கிணற்றுக்காக வட்டாட்சியருக்கு எழுதிய மனுக்களின் நகல் இன்னும் பரணில் இருக்குமே, எடுத்துப் பார்.

குழுவுக்குத் திரும்பிப் போ. அந்தக் கவிதையைத் திருத்தி மறுபடியும் இடு. அதற்கு வட்டாட்சியர் எழுதும் பதிலாக எட்டு வரி நான் எழுதி வைத்திருக்கிறேன், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று தொடங்கி. நீ இட்ட பத்தாவது நிமிடம் அதைக் கீழே இடுகிறேன். பாலுவிடமும் கிணற்றின் சார்பில் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அவன் வெண்பாவில்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறான், நீதான் பேசித் திருத்த வேண்டும்.

அன்புடன்,
ராகவன்