கொசுவத்திப் பூவும் ஐந்து எரிமலைகளும்

கிகாலி,
ஜூலை 14

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் நடக்க ஆரம்பித்ததை மூன்று வரியிலும் உன் முழங்கால் வலியை இரண்டு பக்கத்திலும் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, என் கடிதத்திலும் முழங்கால் வரும்.

"எரிமலை இருக்கிற நாட்டில் போய் ஏன்டி உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். நான் இருப்பது ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், மலைகள் இருப்பது வடமேற்கே முசான்சே என்ற ஊருக்கு அப்பால். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விருங்கா தொடரில் மொத்தம் எட்டு எரிமலைகள். அதில் ஐந்து ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன: கரிசிம்பி, பிசோகே, சபின்யோ, கஹிங்கா, முஹாபுரா. அடிக்கடி பொங்குகிற இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோவில். 2021 மே மாதம் நியிராகோங்கோ பொங்கி, கோமா நகரத்தின் விளிம்பு வரை குழம்பு வந்தது. எங்கள் ஐந்தும் தூங்குகின்றன என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் பிசோகே 1957-ல் ஒருமுறை புரண்டு படுத்தது, உச்சியில் இல்லை, 11 கிலோமீட்டர் தள்ளி. அந்த பிசோகே மேல்தான் போன வாரம் ஏறினேன்.

கொரில்லா பார்த்தாயா என்று அடுத்து கேட்பாய். இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு 1,500 டாலர், நம் கணக்கில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு ஒரே ஒரு மணி நேரம்தான் அவற்றின் பக்கத்தில் நிற்கலாம், அதுவும் எட்டு பேர் சேர்ந்து. அந்தப் பணத்தில் நான் இரண்டு தடவை ஊருக்கு வந்து உன் முழங்காலைப் பார்த்துவிட்டுப் போவேன். மலையேற மட்டும் என்றால் கட்டணம் குறைவு. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நாலு பேர் கிளம்பினார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலையில் முசான்சேயில் மேகம் விலகி மலைகள் வரிசையாகத் தெரிந்தன. சபின்யோ என்றால் பல் என்று பொருள் வருமாம். கிழவன் வாய்ப் பற்கள் மாதிரிதான் உச்சி நிற்கிறது, ஒன்று உயரம், ஒன்று குட்டை, நடுவில் சந்து. பெயர் வைத்தவன் கண்ணை மெச்ச வேண்டும். பத்து நிமிடத்தில் மேகம் மறுபடி மூடிவிட்டது.

காட்டுக்குள் போகும் முன் உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்ட வேண்டும். எரிமலை மண், கருகரு என்று. ஒரு சாண் இடம் சும்மா கிடக்கவில்லை. பிள்ளைகள் "உமுஹிந்தி, உமுஹிந்தி" என்று கத்திக்கொண்டே கூட ஓடி வந்தார்கள். இந்தியக்காரி என்று அர்த்தம். வயல் முடிகிற இடத்தில் எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். காட்டெருமைகள் பயிரில் இறங்காமல் இருக்க, 70 கிலோமீட்டருக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் கிழங்கு, அந்தப் பக்கம் மூங்கில். அவ்வளவு தாழ்ந்த சுவர், அவ்வளவு திடீர் மாற்றம்.

ஏறினது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மழையில்லாத மாதம் என்றார்கள், ஆனால் முழங்கால் வரை சேறு. உடை வழியாகவே குத்துகிற காஞ்சொறிச் செடி. சென்னையில் வாங்கின ஷூவின் அடிப்பாகம் பாதி வழியில் வாயைப் பிளந்தது, சுமை தூக்க வந்த பையன் கயிற்றால் கட்டிவிட்டான். பாசியும் தாடியுமாகத் தொங்கும் ஹஜீனியா மரங்கள், அதற்கு மேலே போனால் ஆளைவிட உயரமான லொபீலியாச் செடிகள். உச்சி 3,711 மீட்டர். பெரிய கிண்ணம் மாதிரி ஓர் ஏரி. அதன் விளிம்பில்தான் காங்கோ எல்லையும் போகிறது. ஏரியைச் சரியாக நாலு நிமிடம் பார்த்தோம், அப்புறம் எல்லாம் வெள்ளை.

உன்னிடம் சொல்ல வந்தது அந்தப் பையன் சொன்ன கதையைத்தான். இறங்கி வரும்போது, ஒரு வயல் ஓரத்தில் வெள்ளைச் சாமந்தி மாதிரி பூ பூத்துக் கிடந்தது. அழகாயிருக்கிறதே என்றேன். இதுதான் பைரித்ரம், கொசு, பூச்சி மருந்துக்குப் போகிற பூ என்றான். "என் தாத்தா இதற்காகத்தான் இங்கே வந்தார். அப்போது இந்த இடமெல்லாம் காடு."

மங்கை, திருச்சி ஹாஸ்டலில் நம் அறை ஞாபகம் இருக்கிறதா? கொசுவத்திச் சுருளை ஒடித்து, பாதியை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் என்று வைப்போமே. கொசுவத்திச் சுருள் பிறந்ததே இந்தப் பூவின் தூளிலிருந்துதான். நாம் கொளுத்தின காலத்தில் செயற்கை மருந்து வந்துவிட்டது, அது வேறு.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா இந்த எரிமலைக் காடுதான். 1925-ல் பெல்ஜிய ராஜா ஆல்பர்ட் பெயரில் தொடங்கியது. அவரிடம் இதற்காக மன்றாடியவர் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர். 1921-ல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக இதே மலைத்தொடரில் கொரில்லாக்களைச் சுட்டவரும் அவரே. சுட்ட கையோடு மனசு மாறி, அடுத்த வருகையில் 1926-ல் இங்கேயே இறந்து, மிகேனோ மலையில் புதைக்கப்பட்டார். அப்படிக் காப்பாற்றிய காட்டில், 1960-களின் கடைசியில் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டரை ஐரோப்பியப் பணத்தில் வெட்டி, பைரித்ரம் போடக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். இன்று மிச்சம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். கொரில்லா ஆராய்ச்சியாளர் டயான் ஃபோஸி 1967-ல் கரிசிம்பிக்கும் பிசோகேவுக்கும் நடுவில் கூடாரம் போட்டு கொரில்லாக்களைப் பார்க்க உட்கார்ந்தாரே, அதே சமயத்தில்தான் கீழே மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. வெட்டி முடித்துச் சில வருடங்களில் செயற்கை மருந்துகள் வந்து, பூவுக்கு மவுசு போய்விட்டது. அந்த இடத்தில்தான் இன்று உருளைக்கிழங்கு.

இப்போது கதை திரும்புகிறது. 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலைகள் முழுவதிலும் 250 கொரில்லாக்கள்தான் இருந்தன. 2016 கணக்கில் 604. அவற்றுக்கு இடம் போதவில்லை, கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, குட்டிகள் சாகின்றன. அதனால் பூங்காவை சுமார் 37 சதுர கிலோமீட்டர் பெரிதாக்கி, சுமார் 3,400 குடும்பங்களைப் புது வீடுகளுக்கு மாற்றுவது அரசாங்கத்தின் திட்டம். காட்டை வெட்டி வாழ் என்று சொன்னதும் யாரோ. காட்டுக்கு இடம் விடு என்று சொல்வதும் யாரோ. நடுவில் அந்தத் தாத்தாவின் பேரன். எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்கு வருகிறது, பள்ளிக்கூடமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டுகிறார்கள், அது நல்லதுதான். (இவ்வளவு மழை பெய்தும் இங்கே தண்ணீர்ப் பஞ்சம். எரிமலைக் கல் சல்லடை மாதிரி, எல்லாவற்றையும் உள்ளே குடித்துவிடும்.) பையனிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். வீடு நன்றாக இருக்கும் என்கிறார்கள், மண் எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை என்றான். விவசாயி வீட்டுப் பிள்ளை.

காலையில் எழுந்து நின்றால் இரண்டு முழங்காலும் உன் பெயரைச் சொல்லித் திட்டுகின்றன. டிசம்பர் லீவில் வருகிறேன். உன் பெண் கல்யாணத்தில் சண்டை போட்ட அந்தச் சித்தியிடம் பேசிவிட்டாயா, அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

பையன் பறித்துக் கொடுத்த பைரித்ரம் பூ ஒன்றைக் காயவைத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் அலமாரியில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் பழைய டைரிகளுக்குள் போட்டு வை. வேலை செய்கிறதா என்று அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
வசந்தா